பேராசிரியரைக் கேளுங்கள்: பாடத்திட்டத்துக்கு வெளியே

வகுப்பு, தேர்வு தவிர இளநிலைப் பட்டப்படிப்பில் வேறு என்னென்ன வாய்ப்புகள் உண்டு என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். பதில் சொல்பவர், வேதியியல் துறையில் இளநிலை மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களைப் பல ஆண்டுகள் ஒருங்கிணைத்து ஓய்வு பெற்ற பேராசிரியர்.

முதலாண்டு முடிக்கப் போகிறேன். ஹானர்ஸ் பிரிவில் சேரச் சொல்கிறார்கள். கூடுதல் பாடங்கள் உண்டு, கடைசியில் ஆய்வேடும் எழுத வேண்டும். சாதாரணப் பிரிவிலேயே இருந்தால் முதலிடம் வாங்கிவிடுவேன். எதற்கு வீண் வம்பு என்று தோன்றுகிறது. (பொருளாதாரம், முதலாண்டு மாணவி)

வம்புதான். அந்த வம்புக்குப் பதிலாக என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஹானர்ஸ் என்ற பெயரில் இரண்டு விதமான சரக்கு விற்கிறது. ஒன்றில் நாலு பாடம் கூடுதல், பட்டச் சான்றிதழில் ஒரு சொல் கூடுதல், அவ்வளவுதான். இன்னொன்றில் சின்ன வகுப்பு இருக்கும், நீங்கள் எழுதியதை வரி வரியாகப் படிக்கும் ஆசிரியர் இருப்பார்.

இரண்டாவது வகைக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரி. அதன் தலைவராக இருந்த ஃப்ராங்க் அய்டலோட், ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து கட்டுரையை அலசும் முறையை அங்கே பார்த்தவர், 1922இல் தன் கல்லூரியில் ஹானர்ஸ் திட்டம் தொடங்கினார். மாணவர்கள் சின்னக் குழுக்களாக உட்கார்ந்து விவாதித்துப் படிப்பார்கள். முடிவில் தேர்வு வைப்பவர்கள் சொந்த ஆசிரியர்கள் அல்ல. வேறு பல்கலைக்கழகங்களிலிருந்து வரும் வெளியாட்கள். எழுத்துத் தேர்வும் உண்டு, நேர்முகத் தேர்வும் உண்டு. இன்றும் இந்த வழக்கம் தொடர்கிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. மதிப்பெண் போடுபவர் வேறு ஆள் என்று ஆனதும், பாடம் நடத்துபவர் உங்கள் கட்சிக்கு வந்துவிடுகிறார். வெளியாள் எங்கே மடக்குவார் என்று அவரும் உங்களோடு சேர்ந்து யோசிக்கிறார்.

எல்லா இடத்திலும் இப்படி இருக்காது. ஆகவே உங்கள் துறையில் ஹானர்ஸ் முடித்த சீனியர் ஒருவரைப் பிடித்து, "ஆய்வேட்டின் முதல் வரைவை யாராவது சிவப்பு மையால் கிழித்தார்களா?" என்று கேளுங்கள். "மூணு தடவை திருப்பி எழுத வெச்சாங்க" என்று அவர் அலுத்துக்கொண்டால் யோசிக்காமல் சேருங்கள். "கொடுத்தோம், கையெழுத்துப் போட்டாங்க" என்றால் உங்கள் முதலிடமே மேல். அப்புறம், சராசரி ஒரு அளவுக்குக் கீழே போனால் சாதாரணப் பிரிவுக்குத் திரும்ப முடியுமா, அதுவரை எடுத்த பாடங்கள் கணக்கில் வருமா என்பதை வாய்வார்த்தையாகக் கேட்காமல் விதிமுறைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வில் சேர ஆசைப்பட்டு நாற்பது பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு பேர் இடமில்லை என்றார்கள். மற்றவர்கள் பதிலே போடவில்லை. நான் எழுதியதை இணைத்திருக்கிறேன். என்ன தப்பு? (வேதியியல், இரண்டாமாண்டு மாணவர்)

தம்பி, உங்கள் மின்னஞ்சல் "மதிப்பிற்குரிய ஐயா/அம்மா" என்று ஆரம்பிக்கிறது. அந்தச் சாய்கோட்டிலேயே கதை முடிந்துவிட்டது. இதே கடிதம் இன்னும் பலருக்குப் போயிருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது.

அடுத்த வரி, "தங்களின் மேலான ஆராய்ச்சிப் பணிகள் என்னை வெகுவாகக் கவர்ந்தன." எந்தப் பணி? பிறகு பள்ளியிறுதி மதிப்பெண்ணிலிருந்து தொடங்கி ஒரு பட்டியல். கடைசியில், "எந்தத் தலைப்பாக இருந்தாலும் கடுமையாக உழைக்கத் தயாராக இருக்கிறேன்." இது பணிவு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். படிக்கிறவருக்கோ, இவருக்கு என்ன வேண்டும் என்று இவருக்கே தெரியவில்லை, தலைப்பையும் நான்தான் தேடித் தர வேண்டும் என்றுதான் தோன்றும். இரண்டு வகுப்புக்கு நடுவே, நின்றுகொண்டே திறந்து பார்க்கும் மின்னஞ்சல் அது. மூடிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார்.

என்னை உட்கார வைத்த ஒரு மின்னஞ்சலைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் குழுவின் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு ஒரு மாணவி எழுதியிருந்தார்: "மூன்றாவது படத்தில் வெப்பநிலை கூடக்கூட விளைச்சல் குறைந்துகொண்டே வருகிறது. கடைசிப் புள்ளி மட்டும் மேலே நிற்கிறது. அது ஏன்?" அந்தப் புள்ளிக்கு மட்டும் கரைப்பான் வேறு, படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் அந்த விவரம் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்காவிட்டால் என்ன? வரைபடத்தின் ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்துப் பார்த்திருக்கிறார் அல்லவா? அன்று மாலையே வரச் சொல்லிவிட்டேன்.

ஆகவே நாற்பது பேரை விடுங்கள், நாலு பேர் போதும். ஒவ்வொருவரின் ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். முழுவதும் புரியாது, இரண்டாமாண்டில் புரியவும் வேண்டாம். சுருக்கம், படங்கள், முடிவுரை மட்டும் படித்து, புரியாத ஒரு இடத்தைக் கண்டுபிடியுங்கள். மின்னஞ்சலில் நீங்கள் யார் என்று ஒரு வரி. எதைப் படித்தீர்கள், எங்கே முட்டினீர்கள் என்று நாலு வரி. அப்புறம் பலரும் எழுத மறக்கும் விஷயம்: எப்போது வர முடியும்? "திங்கள், வியாழன் மதியம் எனக்கு வகுப்பில்லை, இந்த செமஸ்டர் முடியும்வரை வர முடியும்" என்ற ஒரு வரிக்கு உங்கள் மதிப்பெண் பட்டியலைவிட மதிப்பு அதிகம். லேபில் ஒருவருக்கு வேலை கற்றுக்கொடுக்கவே பல வாரம் பிடிக்கும். அதற்குள் ஓடிவிடுவாரா, இருப்பாரா என்பதுதான் எங்கள் கவலை.

பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பதிலில்லை என்றால் அடுத்தவரைப் பாருங்கள், மனத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். சொல்லப்போனால் இதற்கெல்லாம் முன்பு, உங்களுக்கு ஏற்கெனவே பாடம் எடுத்தவர் அறைக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். உங்கள் முகம் தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே இருக்கும்போது முகம் தெரியாத நாற்பது பேர் எதற்கு?

மாலையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறேன். சம்பளமில்லாமல் லேபில் உட்கார எனக்கு வசதி இல்லை. இந்த வாய்ப்புகள் எல்லாம் வசதியுள்ளவர்களுக்குத்தானா? (கணினி அறிவியல், இரண்டாமாண்டு)

நியாயமான கேள்வி. பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

போலராய்ட் கேமராவை உருவாக்கிய எட்வின் லேண்ட் 1957இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஒரு உரை நிகழ்த்தினார். மாணவர் உள்ளே நுழைந்த முதலாண்டிலேயே அவருக்கென்று சொந்தமாக ஒரு ஆய்வு இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். மார்கரெட் மேக்விகர் என்பவர் 1969இல் அதற்கு உருவம் கொடுத்தார். யூராப் என்று அழைக்கப்படும் அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது, பல பல்கலைக்கழகங்கள் அதைப் பார்த்துத் தங்கள் திட்டங்களை அமைத்துக்கொண்டன. அங்கே செய்யும் ஆய்வுக்கு மாணவர் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி) வாங்கிக்கொள்ளலாம், அல்லது சம்பளம் வாங்கிக்கொள்ளலாம். ஆய்வு செய்வதும் வேலைதான் என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

ஆகவே வெட்கப்படாமல் கேளுங்கள். "இதற்கு உதவித்தொகை உண்டா? இல்லாவிட்டால் கிரெடிட்டாகக் கணக்கிட முடியுமா?" கிரெடிட் கிடைத்தால் ஒரு விருப்பப் பாடத்தைக் குறைத்துக்கொள்ளலாம், அந்த நேரம் உங்களுக்கு மிச்சம். உங்கள் துறையில் இன்னொரு வழியும் இருக்கிறது. கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005இலிருந்து நடக்கிறது. திறந்த மூல மென்பொருள், அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள், உருவாக்கும் குழு ஒன்றில் வழிகாட்டி ஒருவரின் கீழ் வேலை செய்து, முடித்ததும் உதவித்தொகை பெறலாம். இருந்த இடத்திலிருந்தே செய்யலாம். 2022 முதல் மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் போய்விட்டது. 18 வயது நிரம்பிய, இந்த வகை மென்பொருளுக்குப் புதியவர்கள் யாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பம் திறக்கும் நாளில் போய் நின்றால் நடக்காது. முந்தைய மாதங்களிலேயே அந்தக் குழுவின் அரட்டையில் நுழைந்து, ஒன்றிரண்டு சின்னப் பிழைகளைத் திருத்திக் கொடுத்து, உங்கள் பெயர் அவர்களுக்குப் பழகியிருக்க வேண்டும்.

கோடை ஆய்வுத் திட்டங்களுக்கு விண்ணப்பித்தேன், எல்லாவற்றிலும் நிராகரிப்பு. என் மதிப்பெண் மோசமில்லை. (இயற்பியல், இரண்டாமாண்டு மாணவி)

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். பாதி இடங்களில் உங்கள் விண்ணப்பத்தை யாரும் படித்தே இருக்க மாட்டார்கள். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை இளநிலை மாணவர்களின் ஆய்வுக்காக 1987இல் தொடங்கிய ஆர்.இ.யூ. திட்டத்தின் நிதி, அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கும்தான். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்தும் ரைஸ் என்ற ஆய்வுப் பயிற்சித் திட்டத்தில், வெளியிலிருந்து ஜெர்மனிக்கு வரும் பிரிவு வட அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்துப் பல்கலைக்கழக மாணவர்களுக்கானது. ஜெனீவாவுக்கு அருகே உள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகம் 1962 முதல் கோடை மாணவர் திட்டம் நடத்துகிறது. விரிவுரைகளும் கேட்கலாம், ஒரு ஆய்வுக் குழுவோடு வேலையும் செய்யலாம். உறுப்பு நாடல்லாத நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கோடை வருவதற்குள் மூன்றாண்டுப் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்திருக்க வேண்டும். நீங்கள் இரண்டாமாண்டு.

தகுதி விதிகளைப் படிப்பது சலிப்பான வேலைதான். ஆனால் ஒரு மாலை அதற்கு ஒதுக்கினால் பல வாரம் மிச்சமாகும். கோடைக்கான விண்ணப்பம் பெரும்பாலும் குளிர்காலத்திலேயே மூடிவிடும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மீதிப் பாதிக்கு வருவோம். உங்கள் நோக்க அறிக்கை "சிறுவயது முதலே நட்சத்திரங்கள் என்னை ஈர்த்தன" என்று தொடங்குகிறது. தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு கட்டு விண்ணப்பத்தில் எத்தனையோ பேரை நட்சத்திரங்கள் ஈர்த்திருக்கும். அதே அறிக்கையின் மூன்றாவது பத்தியில், கல்லூரித் தொலைநோக்கியில் ஒரு மாறும் விண்மீனின் ஒளியை அளந்தபோது ஒரு இரவின் அளவுகள் மட்டும் பொருந்தாமல் போனதையும், மெல்லிய மேகம்தான் காரணம் என்று பக்கத்து விண்மீனோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்ததையும் ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போகிறீர்கள். அட, அதுதானே அம்மா விஷயம்! அதை மேலே கொண்டுவந்து அரைப் பக்கத்துக்கு எழுதுங்கள். நட்சத்திரங்கள் ஈர்த்த கதை வேண்டாம்.

மகள் ஒரு செமஸ்டர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் மாற்று மாணவராகப் போக விரும்புகிறாள். திரும்பி வந்தால் அந்த செமஸ்டர் வீணாகி, படிப்பு நீளுமோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய்)

காகிதத்தைச் சரியாக வைத்துக்கொண்டால் நீளாது. இதில் ஐரோப்பியர்கள் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் 1987இல் 11 நாடுகளுக்கு இடையே 3,244 மாணவர்களோடு தொடங்கியது. போகிறவர்களுக்கு, நீங்கள் பயப்படும் அதே சிக்கல் வரக்கூடாது என்பதற்காக ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு முழு ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட், ஒரு செமஸ்டர் 30. கிளம்பும் முன்பே, அங்கே எந்தெந்தப் பாடம் படிப்பார், அவை இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று எழுதி, மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் மூவரும் கையெழுத்திட வேண்டும்.

மகள் எந்தத் திட்டத்தில் போனாலும் இப்படி ஒரு தாளை வாங்கச் சொல்லுங்கள். "போயிட்டு வாம்மா, பாத்துக்கலாம்" என்று சொல்லும் துறைத்தலைவர் அவர் திரும்பி வரும்போது பதவியில் இருக்க மாட்டார். ஈடு செய்யும் பாடங்களில் இரண்டைக் கூடுதலாக எழுதி வைத்துக்கொள்வதும் நல்லது. அங்கே போனதும் ஏதாவது ஒரு வகுப்பு நிரம்பிவிட்டது என்பார்கள்.

ஆய்வு, லேப் என்று அறிவியல் மாணவர்களுக்கே எல்லாம். இலக்கியம் படிக்கும் நாங்கள் என்ன செய்வது? (இலக்கியம், மூன்றாமாண்டு)

உங்கள் லேபுக்கு நூலகம் என்று பெயர். எங்களுக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு உண்டு: கருவி வாங்கும் செலவு கிடையாது. பழைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படியெடுத்தல், ஒரே நூலின் பதிப்புகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்தல், சிறுபத்திரிகைகளுக்கு அடைவு தயாரித்தல், பேச்சுவழக்கைப் பதிவு செய்து எழுத்தாக்குதல் என்று எந்த மொழித்துறைப் பேராசிரியர் மேசையிலும் பாதியில் நிற்கும் வேலை ஒன்று இருக்கும். அவரால் தனியாக முடிக்க முடியாது, உங்களால் ஒரு விடுமுறையில் கணிசமாகச் செய்ய முடியும். என் நண்பரான வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர், மாணவர்களை முதல் வாரம் முழுக்க ஒரே கையெழுத்தைப் படிக்கப் பழக்குவார். "இந்த ஆள் 'ர'வையும் 'ா'வையும் ஒரே மாதிரி எழுதுவார்" என்று மாணவர் வந்து சொன்ன பிறகுதான் அடுத்த கட்டைக் கொடுப்பார்.

செய்த வேலையில் உங்கள் பெயர் எங்கே வரும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். அறிவியலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. உங்கள் பக்கம் அது கொஞ்சம் தளர்வு என்று கேள்வி.

கணிதப் போட்டியில் கலந்துகொண்டு பூஜ்யம் வாங்கினேன். (கணிதம், முதலாண்டு)

வாழ்த்துகள். அமெரிக்க, கனடா மாணவர்களுக்கான பட்னம் போட்டி 1938 முதல் நடக்கிறது. ஆறு மணி நேரம், 12 கணக்கு, மொத்தம் 120 மதிப்பெண். எழுதுபவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவரின் மதிப்பெண் பல ஆண்டுகளில் 0 அல்லது 1தான். அடுத்த ஆண்டும் எழுதுங்கள்; ஆனால் இடையில் வாரம் ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போட இரண்டு பேரையும், உங்கள் விடையைத் திருத்தித் தர ஒரு ஆசிரியரையும் பிடியுங்கள்.

பணம் கட்டினால் மூன்றே வாரத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதி, பன்னாட்டு இதழில் வெளியிட்டு, சான்றிதழும் தருவதாக ஒரு விளம்பரம். சேரலாமா? (பெயர் வேண்டாம்)

வேண்டாம். உருப்படியான இதழில் கட்டுரையை மதிப்பிடவே மாதக்கணக்கில் ஆகும். மேற்படிப்பு நேர்முகத்தில் அந்தக் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தைத் திறந்து "இந்த எண் எப்படி வந்தது?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு, சீனியர்கள் விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்கிறார் கைடு. புதிதாக ஏதாவது செய்ய ஆசை. அடுத்தவர் மிச்சம் வைத்ததைச் செய்வதில் என்ன பெருமை? (கணினி அறிவியல், இறுதியாண்டு)

உங்கள் துறையிலேயே ஒரு கதை இருக்கிறது. ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்பதை, எண் எவ்வளவு பெரியதானாலும், வேகமாகவும் சந்தேகத்துக்கு இடமில்லாமலும் சொல்ல ஒரு வழி உண்டா? இது நீண்ட காலமாகத் திறந்தே கிடந்த கேள்வி. வேகமான வழிகள் இருந்தன, ஆனால் அவை நிகழ்தகவையோ நிரூபிக்கப்படாத ஊகத்தையோ நம்பியிருந்தன. கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால் இதைப் பிடித்துக்கொண்டிருந்தார். 2001இல் இரண்டு பி.டெக். மாணவர்கள் இதையே இறுதியாண்டு புராஜெக்டாகச் செய்து, ஒரு ஊகம்வரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரண்டு மாணவர்கள் அதே புராஜெக்டைக் கையிலெடுத்தார்கள். பட்டம் வாங்கி, முனைவர் ஆய்வில் சேர்ந்த கையோடு, 2002 ஆகஸ்டில் மூவரும் சேர்ந்து விடையை வெளியிட்டார்கள். ஒன்பதே பக்கம். 2006இல், கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கான கோடல் பரிசு கிடைத்தது. எல்லோருக்கும் இப்படி வாய்க்காது, வாய்க்கும் என்று எந்த கைடும் வாக்குக் கொடுக்க மாட்டார். ஆனால் அந்த மாணவர்கள் யாரும் புதுத் தலைப்பு தேடி அலையவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே கேள்வியை ஆண்டுக்கணக்கில் விடாமல் வைத்திருந்த ஒருவர் அவர்களுக்குக் கிடைத்தார்.

உங்கள் கைடு அந்த ரகமா? அவருடைய முந்தைய மூன்று, நான்கு ஆண்டு புராஜெக்ட் அறிக்கைகளைத் துறை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்று வளர்ந்திருந்தால் சந்தோஷமாகச் சேருங்கள். தலைப்பை மட்டும் மாற்றி அதே முப்பது பக்கம் என்றால் உங்கள் ஆசைப்படி புதிதாகச் செய்யுங்கள். தொடர்வதாக இருந்தால் சீனியர்களின் போன் எண்ணையும், ஓடாமல் போன நிரல்களையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். அறிக்கையில் ஓடியவை மட்டும்தான் இருக்கும்.

பரிந்துரைக் கடிதத்தை எத்தனை நாள் முன்னால் கேட்க வேண்டும்? (தாவரவியல், மூன்றாமாண்டு)

மூன்று வாரம். கேட்கும்போதே கடைசித் தேதி, திட்டத்தின் விவரம், உங்கள் நோக்க அறிக்கை, அவர் வகுப்பில் நீங்கள் செய்த வேலையின் பிரதி எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். "நீங்களே எழுதிக் கொண்டு வாங்க, கையெழுத்துப் போடறேன்" என்று அவர் சொன்னால், முடிந்தால் வேறு ஒருவரைப் பாருங்கள்.